கத்தினால் தடுமாறும் தட்டு

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். வீட்டிலே உபுண்டு போட்ட மேசைக்கணினி. கோப்பொன்றைத் திறந்தால் அரை நிமிடம் அப்படியே உறைந்து நிற்கிறதாம், பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறதாம். திருத்துமிடத்தில், “லினக்ஸ்தான் பிரச்சினை, போமற் அடிச்சு விண்டோஸ் போடுவம்” என்றார்களாம். நல்லவேளை, அவர் கணினியைக் கொடுத்துவிட்டு வரவில்லை.

அந்த அரை நிமிடம்தான் துப்பு. வன்தட்டிடம் ஒன்றைக் கேட்டால் லினக்ஸின் கேர்னல் வழக்கமாக 30 செக்கன் காத்திருக்கும். பதில் வராவிட்டால் இணைப்பை அறுத்து மீண்டும் தொடங்கும். எங்கள் பழைய அதிபர் இடாப்புக் கூப்பிடும்போது ஒரு பெயருக்குச் சத்தம் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போகவே மாட்டார். அந்தப் பிள்ளையையே திரும்பத் திரும்பக் கூப்பிடுவார், வகுப்பே காத்துக்கிடக்கும். பழுதான செக்டரில் தட்டும் அதைத்தான் செய்கிறது. நினைவகம் போதாமல் ஸ்வாப்புக்கு ஓடும் கணினியும் மந்தமாகும்தான். ஆனால் ஒற்றைக் கோப்பைத் திறந்ததற்கு அது பொதுவாக இப்படி உறையாது.

இந்தத் தட்டு எவ்வளவு மெல்லிய பொருள் என்று யோசிப்பது எனக்கு அலுப்பதேயில்லை. நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். ஒரு மயிரிழையின் அகலத்துக்குள் நூற்றுக்கணக்கான தடங்கள். வாசிக்கும் முனை துளி விலகினாலும், அதே இடம் மறுபடி சுற்றிவரும்வரை காத்திருக்க வேண்டும். 2008 முடிகிற நேரத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலைசெய்த பிரெண்டன் கிரெக், தட்டுகள் அடுக்கிய பெட்டிக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். திரையில் தாமதத்தைக் காட்டும் வரைபடம் அந்தக் கணமே துள்ளி எழுந்தது. அந்த வீடியோ இன்னும் யூடியூபில் கிடக்கிறது, பார்த்துச் சிரிக்கலாம். இதைவிட விசித்திரத்தை 2022இல் மைக்ரோசொஃப்ற்றின் ரேமண்ட் சென் எழுதினார். ஜனெற் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ பாட்டைப் போட்டால் ஒருகாலத்து மடிகணினிகள் சில செயலிழந்தனவாம். பாடாமல் பக்கத்தில் சும்மா இருந்த மடிகணினியும்கூட! பாட்டில் இருந்த ஓர் அதிர்வெண், 5,400 சுற்றுத் தட்டின் இயல்பதிர்வோடு ஒத்துப்போனதுதான் காரணம்.

கத்தலுக்கே இப்படியென்றால், ஜெனரேற்றர் நடுங்கும் விறாந்தையில் கணினியை வைத்தால் என்னவாகும்? 2022 மார்ச் கடைசியில் நாடு 13 மணிநேர மின்வெட்டையும் கண்டது. கறண்ட் சட்டென்று நின்றால், சுழலும் தட்டில் மிஞ்சிய விசையிலிருந்தே மின்னெடுத்து முனை தன்னைத்தானே ஒதுக்கிக்கொள்ளும். கெட்டித்தனம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதற்குத் தேய்மானம் உண்டு.

நாங்கள் இடம்பெயர்வில் படங்களையும் பத்திரங்களையும் விட்டு ஓடிய சனம். மிஞ்சியதை ஸ்கான் பண்ணி இந்தத் தட்டுகளில்தான் வைத்திருக்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேளாமலே “போமற் அடிப்பம்” என்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பழுதான தட்டுக்கு எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் பழுது பழுதுதான்.

ரீச்சர், முதலில் முக்கியமானவற்றை வேறொரு தட்டுக்குப் படியெடுங்கள். பிறகு உபுண்டுவின் ‘டிஸ்க்ஸ்’ செயலியில், தட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்து மூன்று வரிகளைப் பாருங்கள். 5 என்ற எண்ணுள்ள வரி, பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197, வாசிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. அங்கே பூச்சியத்தைத் தவிர வேறெது இருந்தாலும் புதுத் தட்டுக்குக் காசு சேர்க்கலாம். அவை இரண்டும் சுத்தமாக இருந்து, தரவு கடத்தும்போது நேர்ந்த பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் குற்றம் தட்டில் இல்லை, சாட்டா வயரில். அப்படிப் பிழைகள் தொடர்ந்தால் கேர்னல் 6 கிகாபிட் இணைப்பை 3க்கும் பிறகு 1.5க்கும் இறக்கி ஓட்டும். வயரை மாற்றினாலும் 199இல் உள்ள எண் குறையாது, அது தட்டின் ஆயுட்கணக்கு. அதனால் வயரை மாற்றிவிட்டு, அன்றைய எண்ணை ஒரு தாளில் குறித்து வைத்து ஒரு கிழமை கழித்துப் பாருங்கள். அதே எண்ணில் நின்றால் பழைய வயர்தான் கள்ளன்.