கல்வராயன் மலையில் கேதுரு உண்டா?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உளி பிடித்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை அது. அந்தச் சமயத்தில் வெளியான குறிப்புகளில், எந்தெந்த மரத்தில் செதுக்குகிறார்கள் என்ற பட்டியலும் வந்தது. மா, மாவிலங்கம், வேம்பு, ஈட்டி, இந்திய மகோகனி, இந்திய சிடார். முதல் நான்கில் யாருக்கும் சந்தேகம் வராது. கடைசி இரண்டும் எந்த மரங்கள்?

சிடார் என்றதும் விவிலியம் படித்தவர்களுக்கு லீபனோனின் கேதுரு நினைவுக்கு வரும். சிம்லா, மணாலி போய் வந்தவர்களுக்குச் சாலையோரத்துத் தேவதாரு நினைவுக்கு வரும். இரண்டும் பைன் குடும்பத்தின் செட்ரஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. ஊசியிலைகள் சிறு கிளைகளின் நுனியில் கொத்துக் கொத்தாக இருக்கும். காய்கள் கிளையின்மேல் நிமிர்ந்து நிற்கும். முதிர்ந்தால் முழுசாக விழாமல் மரத்திலேயே செதில் செதிலாக உதிரும். தேவதாரு மேற்கு இமயத்தில் சுமார் 1,500 மீட்டருக்கு மேல், பனி விழும் சரிவுகளில் வளர்வது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ, கோமுகி ஆறு இறங்கி வரும் ஓடைகளிலோ அதைத் தேடிப் பயனில்லை.

நம் பக்கத்துச் சிடார் முற்றிலும் வேறு குடும்பம். அது வேம்பின் உறவு. சந்தன வேம்பு, தூண மரம் என்று தமிழில் சொல்லப்படும் தூனா சிலியேட்டாவைத்தான் மரவாடிகளில் சிடார் என்கிறார்கள். அகில் என்று சில இடங்களில் அழைக்கப்படும் சுக்ரேசியா டாபுலாரிஸ் மரத்துக்கும் அதே பெயரைச் சூட்டுவதுண்டு. போதாக்குறைக்கு, இந்த இரண்டையுமே இந்திய மகோகனி என்றும் விற்கிறார்கள். ஆகவே, அந்தப் பட்டியலில் உள்ள மகோகனியும் சிடாரும் இரண்டு மரங்களா, ஒரே மரமா என்பதைப் பெயரை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வழியில்லை.

குழப்பத்தின் வேர் வாசனையில் இருக்கிறது. 1756-ல் பேட்ரிக் பிரௌன் என்பவர் ஜமைக்கா தீவின் ஒரு மரத்துக்குச் செட்ரெலா என்று பெயர் வைத்தார். சுருட்டுப் பெட்டி செய்யப் பயன்பட்ட மரம் அது. அறுத்தால் கேதுருவைப் போல மணக்கும். இந்தியாவின் தூனாவும் அப்படியே மணந்ததால், வில்லியம் ராக்ஸ்பர்க் அதையும் செட்ரெலாவில் சேர்த்தார். அந்தப் பெயர் 1803-ல் அச்சேறியது தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் ராட்லர் வழியாக. தமிழ் - ஆங்கில அகராதி தொகுத்த அதே ராட்லர்தான். பிறகு 1846-ல் ரோமர் என்ற தாவரவியலாளர் தூனாவைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். விதையைப் பார்த்தாலே இரண்டும் வேறு என்பது தெரியும். செட்ரெலா விதைக்கு ஒரு பக்கம்தான் இறக்கை, சந்தன வேம்பின் விதைக்கு இரண்டு முனையிலும் இறக்கை.

மலையில் நின்று அடையாளம் காண்பது அவ்வளவு கடினமல்ல. சந்தன வேம்பின் இலை, வேப்பிலையைப் போலவே ஈர்க்கின் இரு புறமும் சிற்றிலைகள் கொண்டது, ஆனால் நீளம் அதிகம். வேப்பிலையின் ஓரத்தில் ரம்பப் பல் இருக்கும். இதன் ஓரம் பெரும்பாலும் வழவழப்பு. துளிர் செம்பு நிறம். சிறிய வெள்ளைப் பூக்கள் தேன் மணத்தோடு கொத்தாகத் தொங்கும். காய் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. காய்ந்ததும் நுனியிலிருந்து ஐந்தாகப் பிளந்து, சிறு மரப்பூ போல விரியும். நடுவில் ஐந்து முனைத் தண்டு ஒன்று நிற்கும். அடிமரத்தின் கீழே கிடக்கும் அந்தக் காலி ஓடு ஒன்று போதும், மரம் எது என்று சொல்லிவிடலாம். சுக்ரேசியாவின் காய் இதைவிடப் பெரியது, கெட்டியானது. விதைக்கு ஒரு பக்கம் மட்டுமே இறக்கை. சிற்றிலைகள் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி அமைந்திருக்கும்.

ஆனால் பட்டறைக்கு வரும் தடியில் இலையும் காயும் ஏது? அங்கே குறுக்குவெட்டு முகம்தான் பேச வேண்டும். கூரிய உளியால் ஒரு சீவு சீவி, ஈரத்துணியால் துடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். தேவதாருவில் துளையே தெரியாது. துளைகளாகத் தெரிபவை நீர் கடத்தும் குழாய்கள், ஊசியிலை மரங்களுக்கு அவை கிடையாது. சந்தன வேம்பில் ஒவ்வொரு வளையமும் தொடங்கும் இடத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். சுக்ரேசியாவில் துளைகள் சிறியவை, முகம் முழுவதும் பரவலாக இருக்கும். மலைவேம்பிலும் வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் உண்டு, வைரமும் சிவப்புச் சாயல்தான். அங்கே மூக்கை நம்பலாம், மலைவேம்புக்குச் சிடார் மணம் இல்லை. கோவையில் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் தென்னிந்திய மரங்களின் கட்டைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியிலும் அப்படி ஒரு சிறிய கட்டைத் தொகுப்பு சிற்பிகளின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. செலவு அதிகம் பிடிக்காத காரியம்.

மூன்றாவதாக ஒரு சிடாரும் இந்த மலையடிவாரங்களில் உண்டு. செம்புளிச்சான் என்றும் தேவதாரம் என்றும் சொல்லப்படும் குறுமரம். ஆங்கில நூல்கள் சில இதையும் சிவப்புச் சிடார் என்கின்றன. இது பைன் குடும்பமும் இல்லை, வேம்புக் குடும்பமும் இல்லை. தென்னமெரிக்காவின் கோக்கா செடியும் இதுவும் ஒரே பேரினம், எரித்ராக்சிலம். இலை தனியிலை, சின்னது, பழம் சிவப்பு. வைரம் கரும்பழுப்பு, கனம் அதிகம், நல்ல மணம். அதனால்தான் போலிச் சந்தனமாகவும் இது விலை போயிருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இதன் இலையைத் தின்று உயிர் பிடித்தவர்கள் இருந்தார்கள். காட்டோரம் நிற்கும் இந்தச் சின்ன மரத்துக்கு அந்தக் கடன் நமக்கு இருக்கிறது.

நாட்டு மருந்துக் கடை விஷயத்தில்தான் இது கவலை தருகிறது. சித்த மருந்துக்குத் தேவதாரு கேட்டால் இமயத்துக் கட்டையே வர வேண்டும். அதற்குப் பதிலாகச் செம்புளிச்சான் கட்டை கைமாறுவது தெற்கே பழைய வழக்கம். குடும்பமே வேறான இரண்டு மரங்களின் எண்ணெய் ஒரே வேலையைச் செய்யும் என்று எதை வைத்து நம்புவது? குறுக்குவெட்டில் துளை இருந்தால் அது இமயத் தேவதாரு அல்ல. வாங்குகிறவர் கையில் ஒரு லென்ஸ் இருந்தால் இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம்.

நாற்றுப் பண்ணையில் நடக்கும் குழப்பமும் சிறியதல்ல. மலைவேம்பு என்ற பெயர் பிளைவுட்டுக்குப் போகும் மீலியா டூபியாவுக்கு உரியது. ஆனால் சில ஊர்களில் சந்தன வேம்பையும் சுக்ரேசியாவையும்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். மீலியாவின் இலை இரண்டு மூன்று முறை கிளை பிரியும். பழம் சதைப்பற்றானது, வெடிக்காது. நாற்றாக இருக்கும்போது பார்க்கத் தெரியாதவர் எதையோ வாங்கி எதையோ வளர்ப்பார். சுக்ரேசியாவின் இளங்கன்றிலும் இலை இரண்டு முறை பிரியும் என்பதால் பழகிய கண்ணும் தடுமாறும். விதை எடுத்த தாய்மரத்தின் காயைக் காட்டச் சொல்லிக் கேட்பதுதான் பாதுகாப்பு. சந்தன வேம்பை நடுகிறவர்கள் இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும். தனித் தோப்பாக வைத்தால் ஹிப்சிபைலா என்னும் குருத்துத் துளைப்பான் புழு நுனியைத் தின்றுவிடும். மரம் நேராக ஏறாமல் கிளைத்துப் போகும். மற்ற மரங்களோடு கலந்து, இளநிழலில் வைப்பதே நல்லது.

புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது. அந்தச் சிற்பத்துக்கு உடல் தந்த மரத்தின் பெயரையும் அதே கவனத்தோடு எழுதலாமே. விற்பனைச் சீட்டில் "இந்திய சிடார்" என்பதற்குப் பதிலாக, மரம் அதுதான் என்றால், சந்தன வேம்பு, தூனா சிலியேட்டா என்று இரண்டு பெயரும் அச்சாகட்டும். எந்தக் கன்றை நட வேண்டும் என்று மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடி விவசாயிக்கு அப்போதுதான் தெளிவாகச் சொல்ல முடியும்.