படுவான்கரைக்கு எந்த உதவி வேண்டும்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உட்புறத்தில் இருக்கிறது உன்னிச்சை. வயலும் மாடும் குளமுமே வாழ்வு. நீரிழிவோ பிரஷரோ முற்றினால் வாவியைக் கடந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும். கிளினிக் நாள் அறுவடையோடு மோதினால் கிளினிக்தான் தவறும். ஒருமுறை தவறினால் மருந்தும் நின்றுவிடும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 'ஒருங்கிணைந்த சுகாதார சேவை' என்ற பெயரில் வெளிநாட்டு நிதி வருகிறது. ஏன் இடைவெளி வந்தது? இலங்கையின் சுகாதாரத்துறைக்கு இரண்டு கைகள். நோய்த் தடுப்புக் கையில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர் எல்லாம் அடங்கும். இதன் முதல் அலகு 1926இல் களுத்துறையில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் மன்றத்தின் துணையோடு தொடங்கியது. யார் எந்த ஊருக்குப் பொறுப்பு என்பது இதில் தெளிவு. கர்ப்பிணியோ கைக்குழந்தையோ எளிதில் விடுபடுவதில்லை.

சிகிச்சை அளிக்கும் மற்றக் கையில் அந்தப் பொறுப்பு இல்லை. யாரும் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம். அது ஏழைக்குக் கிடைத்த பெரும் உரிமை. ஆனால் ஐம்பது வயது விவசாயியின் சீனி அளவை ஆண்டுக்காண்டு பார்த்து வைப்பவர் எவருமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை நீள்கிறது. ஊரிலுள்ள சிறிய வைத்தியப் பிரிவைத் தாண்டியே சனம் போகிறது.

உலக வங்கி 2018இல் ஆரம்ப சுகாதாரத்தைப் பலப்படுத்த 20 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. ஒன்பது மாகாணங்களுக்குமான திட்டம் அது. குறித்த இலக்கை எட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. அதே ஆண்டு ஆசிய அபிவிருத்தி வங்கி தொடங்கிய திட்டமோ மத்திய, வடமத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களையே முதலில் எடுத்துக்கொண்டது. கிழக்கு அதில் இல்லை. 2024இல் உலக வங்கி மேலும் 15 கோடி டொலருக்கு ஒப்புதல் கொடுத்தது.

இந்தத் திட்டங்களின் உள்ளடக்கம் எளிமையானது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியையும் அதைச் சூழ்ந்த சிறிய பிரிவுகளையும் ஒரு கொத்தணியாக்குவது; நோயாளியின் பதிவேடு ஊரிலேயே இருப்பது; இரத்த மாதிரி நகருக்குப் போய் முடிவு ஊருக்குத் திரும்புவது; 35 வயது தாண்டியவர்களை நோய் முற்றுமுன் பரிசோதிப்பது. இவற்றில் ஒன்றுக்குக்கூட திறப்புவிழாக் கல்வெட்டு வைக்க முடியாது. அதனால்தான் பணம் அடிக்கடி கட்டடத்தின் பக்கம் சாய்கிறது என்று நினைக்கிறேன். ஆளில்லாத கட்டடம் படுவான்கரைக்கு வேண்டாம்.

உதவி சரியாக வேலை செய்ததையும் இந்த மண் கண்டிருக்கிறது. 1999இல் நாட்டில் 2,64,549 பேருக்கு மலேரியா. வடக்கும் கிழக்கும் பெரும் பங்கைச் சுமந்தன. எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான உலகளாவிய நிதியத்தின் பணம் வந்தபோது, அரசின் மலேரியா எதிர்ப்பு இயக்கமே அதை முன்னின்று செலவிட்டது. மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அந்த நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் அரச ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே பரிசோதனை நிலையங்களை நடத்தியது. நடமாடும் கிளினிக்குகள் மக்கள் மீள்குடியேறிய ஊர்களுக்குப் போயின. உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. ஏற்கெனவே இருந்த அரச சேவைக்குள் பணம் பாய்ந்தது அந்த வெற்றியின் ஒரு முக்கிய காரணம்.

எதிர்மாறான பாடம் உன்னிச்சைக் குளத்திலேயே இருக்கிறது. அதன் நீரைச் சுத்திகரித்து மட்டக்களப்பு நகருக்கும் கரையோர ஊர்களுக்கும் கொண்டுபோகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் வந்தது. தேவையான திட்டம்தான். ஆனால் குளத்தை அண்டிய மக்களே தங்களுக்குக் குழாய் நீர் எங்கே என்று கேட்க நேர்ந்தது. குடிநீரும் சுகாதாரமே; இரண்டையும் வெவ்வேறு அமைச்சுகளின் கோப்புகளில் பிரித்து வைத்துவிட்டு ஒருங்கிணைப்பு பேசுவதில் பொருளில்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2022 பொருளாதார நெருக்கடியில் நடப்புத் திட்டங்களின் பணத்தைத் திருப்பித்தான் உலக வங்கி மருந்து வாங்க உதவியது. உயிர் காக்க அது அவசியம். ஆனால் இந்தச் சுகாதாரத் திட்டங்களுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி கடன்; அதை அடைக்கப்போகிறவர்களில் உன்னிச்சை விவசாயியும் ஒருவர். தன் பிரதேசம் எந்தக் கொத்தணியில் சேர்ந்திருக்கிறது, எத்தனை குடும்பநல உத்தியோகத்தர் பதவிகள் வெற்றிடமாக இருக்கின்றன என்று பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிடம் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவருக்குப் பதில் தரவேண்டியது பணிமனையின் கடமை.