சைபீரியாவிலிருந்து சைக்கிளில் வீடு திரும்பியவர்

கிள்ளானிலிருந்து ஜெஞ்சாரோம் வழியாகப் பந்திங் செல்லும் பெரிய சாலையை நீங்கள் அறிவீர்கள். பகலெல்லாம் லோரிகள் இரைந்துகொண்டு ஓடும் சாலை. அதே சாலை தெற்கே போர்ட்டிக்சன், மலாக்கா என்று நீண்டு ஜொகூர் வரை போகிறது. முன்னும் பின்னும் மூட்டை கட்டிய ஒரு சைக்கிளில், வெயிலில் முகம் சிவந்து, யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன்னந்தனியாக அந்தச் சாலையில் மிதித்துப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் என்ன சொல்வோம்? “பஸ் இல்லாத ஊரா இது? இவருக்கு ஏன் இந்த வேலை?” என்போம். சிரித்துவிட்டுத் தேநீரைக் குடிக்கப் போவோம்.

அப்படி மூன்று ஆண்டுகள் மிதித்த ஒருவரின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் ராப் லில்வால். இங்கிலாந்துக்காரர். பள்ளியில் பூகோளம் கற்பித்த ஆசிரியர். கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர்.

நமக்குப் பழகிய வாகனம்

சைக்கிள் நமக்குப் புதிதல்ல. விடியுமுன் பெரட்டுக்கு ஓடியதும், வேலைக்காட்டிலிருந்து திரும்பியதும், பிள்ளையை முன்கம்பியில் உட்காரவைத்துத் தமிழ்ப் பள்ளியில் விட்டதும் சைக்கிளில்தான். ரொட்டிக்காரர் லயத்துக்கு வந்ததும் சைக்கிளில்தான். ஜெபக்கூட்டம் நடத்த ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு உபதேசியார் வந்ததும் சைக்கிளில்தான்.

பக்திக்காக நெடுந்தூரம் போவதும் நமக்குப் பழகியதே. ஜூலை 26 புனித அன்னாள் திருநாள். அதையொட்டிப் புக்கிட் மெர்த்தாஜாமுக்கு நடந்தே போகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில், ஆகஸ்டு 29இல் கொடியேறிச் செப்டம்பர் 8இல் நிறைவுபெறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்கள் உண்டு. இவர்களெல்லாம் வீட்டிலிருந்து புறப்பட்டுத் திருத்தலத்தை நோக்கிப் போகிறவர்கள். லில்வால் செய்தது வேறு. உலகத்தின் ஒரு கோடியில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து தம் வீட்டை நோக்கி மிதித்தார்.

எலும்புச் சாலை

2004ஆம் ஆண்டு. அவருக்கு வயது 27. ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள மகதான் நகரத்துக்குப் போனார். கூட இருந்தவர், ஏற்கெனவே உலகத்தைச் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்த நண்பர் அலஸ்டர் ஹம்ஃப்ரீஸ். குளிர்காலம் நெருங்கும் வேளையில் இருவரும் கிளம்பினார்கள்.

மகதானிலிருந்து யாக்குட்ஸ்க் வரை போகும் சாலை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ஸ்டாலின் காலத்தில் கைதிகளைக் கொண்டு போட்ட சாலை அது. பட்டினியிலும் பனியிலும் மாண்டவர்கள் சாலையோரத்திலேயே புதைந்து போனதால், ‘எலும்புச் சாலை’ என்று இன்றும் அதை அழைக்கிறார்கள். இதைப் படிக்கும்போது உங்கள் நெஞ்சில் வேறொரு பாதை தோன்றலாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து அழைத்துப் போகப்பட்டவர்கள் 415 கிலோமீட்டருக்குப் போட்ட சயாம் மரண ரயில்பாதை அது. பிறர் உயிர் கொடுத்துப் போட்ட பாதையில் போகிறவன் தலைநிமிர்ந்து போக முடியாது. தலைகுனிந்துதான் போக வேண்டும்.

அந்தச் சாலையில் குளிர் சுழியத்துக்குக் கீழே 40 பாகை வரை இறங்கியது. இரவில் கூடாரத்தில் படுக்கை. ஈரமான கையுறை உறைந்து கல்லாகிவிடும் குளிர் அது. கடவுளை நம்புகிறவனையும் நம்பாதவனையும் அந்தக் குளிர் ஒரே மாதிரிதான் கடிக்கும். பக்தி என்பது கம்பளி அல்ல.

தனிமையில் மிதித்த வழி

சைபீரியப் பகுதி முடிந்தபின் நண்பர்களின் வழிகள் பிரிந்தன. அதன்பின் லில்வால் தனியர். பப்புவா நியூகினியின் காடுகள், ஆஸ்திரேலியாவின் நெடுவெளிகள், போர் ஓயாத ஆப்கானிஸ்தான் என்று அவர் வழி வளைந்து வளைந்து போனது. நேர்வழி தேடுகிறவர் போகும் வழி அல்ல அது. 2007ஆம் ஆண்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தார். மொத்தம் 30,000 மைல், அதாவது சுமார் 48,000 கிலோமீட்டர்.

எண்ணைக் கேட்டதும் மலைப்பாக இருக்கிறதல்லவா? கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஆயிரத்துச் சொச்சம் நாட்கள். நாளொன்றுக்குச் சராசரி 44 கிலோமீட்டர். நம் ஜெஞ்சாரோமிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் தூரம்தான்! ஒரு நாளைக்கு அவ்வளவு மிதிக்க வீரன் வேண்டியதில்லை. மறுநாளும் எழுந்து மிதிக்கத்தான் மனம் வேண்டும். நாள்தோறும் நிரை பிடித்து மரம் வெட்டியவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டுமா?

இந்தப் பயணத்தை வைத்து லில்வால் ‘வீவா’ என்னும் கிறிஸ்தவத் தொண்டு அமைப்புக்கு நிதி திரட்டினார். ஆதரவற்று ஆபத்தில் வாடும் பிள்ளைகளுக்காகப் பாடுபடும் அமைப்பு அது. 2009இல் தம் அனுபவங்களை நூலாக எழுதினார். வழியில் ஹாங்காங்கில் அறிமுகமான பெண்ணையே பிற்பாடு மணந்தார். 2011இல் மறுபடியும் கிளம்பினார். அந்த முறை ஒரு நண்பருடன், மங்கோலியாவிலிருந்து ஹாங்காங் வரை கால்நடையாக!

பள்ளத்தில் கிடந்தவன்

நல்ல சமாரியன் கதையை, எந்தச் சமயத்தவராக இருந்தாலும் உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவனைக் கள்ளர்கள் அடித்துப் போட்டுவிடுகிறார்கள். கோயில் ஊழியர்கள் இருவர் பார்த்தும் பாராமல் போகிறார்கள். யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்தைச் சேர்ந்த சமாரியன் ஒருவன்தான் இறங்கிவந்து காயம் கட்டுகிறான்.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நாம் நம்மைச் சமாரியனாகவே நினைத்துக்கொள்கிறோம். உதவி செய்கிறவனின் இடம் சுகமான இடம். ஆனால் தனியாகச் சைக்கிளில் போகிறவன் அந்தக் கதையைப் பள்ளத்தில் கிடந்தவனாக இருந்து கேட்கிறான். தண்ணீர் தீர்ந்துபோகும். இருட்டிவிடும். மொழி தெரியாது. முன்பின் அறியாத வீட்டின் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். கதவைத் திறப்பவர் இஸ்லாமியராக இருக்கலாம், பௌத்தராக இருக்கலாம், எந்தச் சாமியும் கும்பிடாதவராகவும் இருக்கலாம். அவர் கொடுக்கும் ரொட்டியில் சமயம் எழுதியிருக்காது.

இயேசு தம் சீடர்களை அனுப்பியபோதும் பணப்பையும் உணவுப் பையும் எடுத்துப் போக வேண்டாம் என்றுதான் சொன்னார். பை நிறைந்தவன் யார் வாசலிலும் நிற்க மாட்டான். நிற்காதவனுக்கு மனிதர்களும் தெரியமாட்டார்கள்.

இங்கேதான் இந்தப் பயணம் நமக்குப் பாடமாகிறது. நம்மில் பலருக்குக் கொடுப்பது எளிது, கேட்பது கஷ்டம். பிள்ளையின் மேற்படிப்புக்கு வழி கேட்கக் கூச்சம். நோய் வந்தால் அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சம். “நம் கஷ்டம் நம்மோடு இருக்கட்டும்” என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். அதைத் தன்மானம் என்கிறோம். சில வேளைகளில் அது வெறும் பயம்தான். கடவுளை நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு மனிதரை நம்ப மறுத்தால் அது அரை நம்பிக்கை அல்லவா?

உங்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு தாய்லாந்துக்குக் கிளம்பிவிடாதீர்கள்! இளைஞர்களே, ஆசை இருந்தால் சிறிய தூரத்தில் தொடங்குங்கள். தலைக்கவசம் போடுங்கள். பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். கடவுள் காப்பார் என்று சொல்லிக்கொண்டு லோரிக்கு முன்னே போவது பக்தி ஆகாது.

பெற்றோர்களே, உங்கள் மகன் தூர தேசத்துக்கோ, மகள் வெளியூர்க் கல்லூரிக்கோ புறப்படும்போது, “தனியாக எப்படி?” என்று நீங்கள் கலங்குவது இயல்பு. எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒரு தாய் அவர்களுக்கும் ஒரு தட்டு வைப்பாள் என்று நம்புங்கள். அந்த நம்பிக்கை பொய்க்காதிருக்க, நம் வீட்டிலும் ஒரு தட்டு தயாராக இருக்கட்டும்.

நம் சாலையில் மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்று வந்தால், சிரித்துவிட்டுப் போகாதீர்கள். “எங்கே போகிறீர்கள்?” என்று கேட்டு, ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். அவர் இன்னும் தம் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.