இவ்வளவு காற்றாலை வந்தும் ஏன் இன்னும் புகை?

பழவேற்காட்டுக்குப் போக பொன்னேரி ரயில் ஏறியிருக்கீங்களா? அத்திப்பட்டு வந்ததும் ஜன்னல்ல உயரமான புகைபோக்கிகள் தெரியும். வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: இவ்வளவு காற்றாலை, சோலார் வந்தும் இது ஏன் இன்னும் புகையுது?

நாம மெகாவாட்டை எண்ணுறோம். அது நிலையத்தோட திறன் மட்டும்தான். கார்பன் குறைஞ்சுதான்னு பார்க்க யூனிட்டை எண்ணணும்.

1,000 மெகாவாட் சோலார், 1,000 மெகாவாட் நிலக்கரி இருக்குன்னு வைங்க. பாதிக்குப் பாதி பசுமைன்னு தோணும். ஆனா ராத்திரி, மேகம் எல்லாம் போக, சோலார் தன் திறன்ல வருஷத்துக்கு சுமார் 20 சதவீதம்தான் தரும். நிலக்கரி 60 சதவீதம் ஓடினா, நாலு யூனிட்ல மூணு நிலக்கரி மின்சாரம். அதுல யூனிட்டுக்கு சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. சராசரி 750 கிராம்!

இந்த மாதிரி சராசரியை நாடு முழுக்க மத்திய மின்சார ஆணையம் கணக்கிடுது. அது சுமார் 700 கிராம். 2013 டிசம்பர் 31-ல தெற்கும் இணைஞ்சு எல்லாம் ஒரே கிரிட் ஆயிடுச்சு. ஆடிக்காத்துல முப்பந்தல் காற்றாலை சுத்தினா வேற மாநில நிலக்கரியும் குறையலாம். அதனால தமிழ்நாட்டை மட்டும் தனியா அளந்தா கணக்கு முழுசா வராது.

இன்னொண்ணு. கொசஸ்தலையாத்துல படிஞ்ச நிலக்கரிச் சாம்பல் இந்த 700 கிராம்ல சேராது. அங்க இறால் பிடிக்க இறங்குறவங்களுக்கு அதுவும் கணக்குதான்.