முகச்சுருக்கம்... ஃபேஸ்பேக் போடும் முன் இதைப் படியுங்கள்!

செல்ஃபி எடுக்கும்போதுதான் பலருக்கும் அது முதலில் கண்ணில் படுகிறது. சிரித்தால் கண் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள், புருவத்தை உயர்த்தினால் நெற்றியில் மடிப்பு. 'வயசாயிடுச்சோ' என்ற கவலை வந்ததுமே மனசு கிச்சனையோ, ஆன்லைன் க்ரீமையோ தேடுகிறது. இதில் எது பலன் தரும், எது சருமத்தைக் கெடுக்கும்? பார்ப்போம்.

ஏன் வருகிறது சுருக்கம்?

சருமத்தைத் தாங்கிப் பிடிப்பது கொலாஜன். இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பவைப்பது எலாஸ்டின். இருபதுகளிலிருந்தே கொலாஜன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவிகிதம் குறைகிறது. மெனோபாஸ் வந்த முதல் 5 ஆண்டுகளிலோ சுமார் 30 சதவிகிதம் குறைந்துவிடும். அந்த வயதில் 'திடீர்னு முகம் மாறிடுச்சே' என்று தோன்ற இதுவும் ஒரு காரணம். இது இயற்கை. ஆனால், இதன் வேகத்தைக் கூட்டுவது வெயில்.

ஒரு முகம், இரண்டு வயது

அமெரிக்காவில் 28 ஆண்டுகள் டிரக் ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் புகைப்படத்தை 2012-ல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னத்தில் ஆழமான சுருக்கங்கள். வலது கன்னம் பல வயது இளமையாக இருந்தது. காரணம், கண்ணாடியையும் ஊடுருவும் யூ.வி.ஏ கதிர்கள். பஸ் ஜன்னல் சீட், ஆபீஸ் ஜன்னலோர மேஜை... நமக்கும் இதே கதைதான். மெலனின் அதிகமுள்ள நம் சருமத்தில் சுருக்கம் சற்றுத் தாமதமாக வரும், வராமல் இருக்காது.

தினமும் என்ன செய்யலாம்?

* எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேலுள்ள, யூ.வி.ஏ பாதுகாப்பும் தரும் சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்தில் தடவுங்கள். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் போட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 903 பேரிடம் நாலரை ஆண்டுகள் நடந்த ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொல்லப்பட்டவர்களின் சரும முதுமை 24 சதவிகிதம் குறைவாக இருந்தது.
* காலை 10 முதல் மாலை 4 வரை குடையும் துப்பட்டாவும் செலவில்லாத பாதுகாப்பு.
* கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை. நெல்லிக்காய், கொய்யா போதும். அளவுக்கு மீறிய சர்க்கரை கொலாஜனை விறைக்கச் செய்யும்.
* புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுவது, எந்த க்ரீமையும்விட நல்லது.

கிச்சன் பொருள்கள் உதவுமா?

ஓரளவுக்கு. கற்றாழை, தயிர், பாதாம் எண்ணெய் போன்றவை வறட்சியால் தெரியும் மெல்லிய கோடுகளை மங்கச் செய்யும். ஆழமான சுருக்கத்தை அழிக்காது. கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை நீக்கி, கழுவிய பிறகே ஜெல்லை எடுங்கள். முழங்கையின் உள்பக்கம் தடவி, ஒருநாள் பார்த்துவிட்டு முகத்தில் போடுங்கள். முகப்பரு உள்ளவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

இதெல்லாம் கூடவே கூடாது!

எலுமிச்சைச்சாறு தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் கருந்திட்டும் வரலாம். பேக்கிங் சோடா, சருமத்தின் பாதுகாப்புப் படலத்தைக் கெடுக்கும்.

இவற்றைவிட ஆபத்து, 'ஒரே வாரத்தில் பளபளப்பு' என்று விற்கப்படும் பெயர் தெரியாத க்ரீம்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். ஆரம்பத்தில் முகம் மினுமினுக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் சிவப்பாகத் தெரியும், நிறுத்தினால் எரியும். பாதரசம் கலந்திருந்தால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால், டாக்டர் எழுதித் தராமல் தொடாதீர்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் திடீரென நிறுத்தாமல் சரும மருத்துவரைப் பாருங்கள்.

வந்த சுருக்கத்தை முழுவதும் துடைக்க முடியாது, வரப்போவதைத் தள்ளிப்போடலாம். அதனால் நாளை காலை சன்ஸ்கிரீனை நீங்கள் தடவும்போது, காலேஜ் கிளம்பும் மகளுக்கும் கொஞ்சம் பிதுக்கிக் கொடுங்கள். அவளுக்குத்தான் இதில் லாபம் அதிகம்.