சுவரில்லாக் கல்லூரிகள் – 6: நின்றுகொண்டே படித்தவர்கள்

1964 ஜூன் மாதம். பிரிட்டோரியா சிறையில் ஒரு கைதி பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். லண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டத் தாள்கள். இன்னும் சில நாளில் அவருடைய வழக்கில் தீர்ப்பு. தூக்குதான் என்று பலரும் நினைத்திருந்தார்கள். நீ போகப்போகிற இடத்தில் சட்டப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று காவலர்கள் கேட்டார்களாம். நெல்சன் மண்டேலா தன்வரலாற்றில் இதைச் சொல்கிறார். அந்தத் தாள்களில் அவர் தேறினார். தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனை வந்தது. சட்டப் பட்டம் வருவதற்கு மட்டும் இன்னும் 25 வருஷம் ஆயிற்று. அதுவும் லண்டனிலிருந்து வரவில்லை. உள்ளூர்த் தபாலில் வந்தது.

போன வாரம் பார்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்காகவே ஓர் அரசாங்கம் ஆசை ஆசையாகத் திட்டமிட்டு 1971இல் பாடம் தொடங்கிய இடம். இந்த வாரத்துப் பல்கலைக்கழகத்தின் பிறப்பில் அப்படி எந்த லட்சியமும் கிடையாது. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம், சுருக்கமாக யூனிசா, 1873இல் நன்னம்பிக்கை முனைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் ஆரம்பமானபோது பரீட்சை வைப்பது ஒன்றுதான் அதன் வேலை. பாடம் நடத்தாது; வேறு கல்லூரிகளில் படித்து வருகிறவர்களுக்குத் தாள் கொடுக்கும், திருத்தும், பட்டம் தரும். 1916இல் வந்த சட்டம் பெயரை மாற்றியது. 1946இல் அஞ்சல்வழிப் படிப்பு தொடங்கியது. பாடம் உறையில் வரும். விடையை உறையில் போட்டு அனுப்ப வேண்டும்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1959இல் ஒரு சட்டம் போட்டார்கள். பெயர், பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம். பெயரில்தான் விரிவு. கேப்டவுன், விட்வாட்டர்ஸ்ரான்ட் போன்ற பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர்கள் அமைச்சரின் அனுமதி இல்லாமல் சேர முடியாதபடி செய்த சட்டம் அது. யூனிசாவின் கதவை மட்டும் அவர்கள் அடைக்கவில்லை. எனக்குத் தோன்றும் காரணம் எளிமையானது. அங்கே வகுப்பறை இல்லை. ஆகவே வெள்ளைப் பையன் பக்கத்தில் கறுப்புப் பையன் உட்காரும் பெஞ்சும் இல்லை. தபால்பெட்டிக்குள் இரண்டு உறைகள் ஒட்டிக்கொண்டு கிடந்தால் யாருக்கு என்ன? யூனிசாவைப் புரட்சிப் பல்கலைக்கழகமாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அது பிரிட்டோரியாவில், ஆட்சியாளர்களின் கண்ணெதிரே, அவர்களுக்கு வேண்டியவர்களால் நடத்தப்பட்ட நிறுவனம்தான். 'கரஸ்ல படிச்சது' என்று நாம் குரலைத் தாழ்த்திச் சொல்கிறோமே, அந்த அலட்சியம்தான் அங்கே பலருக்குப் பாதுகாப்பாக அமைந்தது.

டெஸ்மண்ட் டூட்டு 1954இல் இங்கே பி.ஏ. முடித்தார். பள்ளி ஆசிரியராக இருந்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டமான கல்வி போதும் என்ற பாண்டு கல்விச் சட்டத்தை எதிர்த்து வேலையை விட்டுப் பாதிரியார் ஆனார். அதன் பிறகு 1984இல் வந்த நோபல் பரிசு வரை ஊர் அறிந்த கதை. அதே ஐம்பதுகளில் இன்னொரு பள்ளி ஆசிரியரும் யூனிசாவின் அஞ்சல்வழிப் பட்டம் ஒன்றை வாங்கினார். அவர் ராபர்ட் முகாபே. பட்டியலில் இவரை விட்டுவிட்டால் கட்டுரை பார்க்க அழகாக இருக்கும், கணக்கு தப்பாகிவிடும்.

சிரில் ரமபோசா 1972இல் ஒரு கல்லூரியில் நேரடியாகச் சட்டம் படிக்கச் சேர்ந்தவர். 1974இல் பிடித்துப் போய் 11 மாதம் தனிமைச் சிறையில் வைத்தார்கள். 1976இல் மறுபடியும் ஆறு மாதம். அதன் பிறகு ஒரு சட்ட அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே யூனிசாவில் படித்து 1981இல் சட்டப் பட்டம் வாங்கினார். மறுவருஷமே சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் முதல் பொதுச்செயலாளர். 1987இல் அவர் நடத்திய வேலைநிறுத்தம் அந்த நாட்டுச் சுரங்க வரலாற்றிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. 2018இல் ஜனாதிபதி.

ஆனால் யூனிசாவின் கதையை உட்கார்ந்து கேட்க வேண்டிய இடம் ராபன் தீவுச் சிறை. 'உட்கார்ந்து' என்பதை யோசித்துத்தான் சொல்கிறேன். படிக்க அனுமதி கொடுத்த புதிதில் கைதியின் அறைச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பலகை அடித்துக் கொடுத்தார்கள். நாற்காலி கிடையாது. பகலெல்லாம் சுண்ணாம்புக் குவாரியில் கடப்பாறை பிடித்துவிட்டு வந்த மனிதர் ராத்திரி அந்தப் பலகையில் புத்தகத்தை வைத்து நின்றுகொண்டே படிக்க வேண்டும். பலமுறை முறையிட்ட பிறகுதான் பலகையைக் கீழே இறக்கி ஒரு முக்காலி கொடுத்தார்கள்.

படிப்பு உரிமை அல்ல. நிர்வாகம் நினைத்தால் பிடுங்கிக்கொள்ளும் சலுகை. கட்டணத்தைக் குடும்பமோ வெளியே உள்ள நண்பர்களோ அனுப்ப வேண்டும். பதிவு செய்தவர் தன் புத்தகத்தைப் பதிவு செய்யாதவருக்கு இரவல் கொடுக்கக் கூடாது. வெளி நூலகத்துக்கு எழுதிப் போட்டுப் புத்தகம் வரவழைக்கலாம். ஆனால் படகைத் தாண்டி, தணிக்கைக்காரரின் மேசையைத் தாண்டிக் கைக்கு வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி போயிருக்கும்.

செய்தித்தாள் அறவே கூடாது. இந்த இடத்தில்தான் மேக் மகராஜ் என்ற கைதி வருகிறார். பொருளாதாரம் படிக்கிறேன், பாடத்துக்கு 'தி எகனாமிஸ்ட்' தேவை என்று விண்ணப்பித்தார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், நடக்கிற காரியமா? நடந்தது. பெயரில் பொருளாதாரம் இருக்கிறதே, பாடநூலாகத்தான் இருக்கும் என்று அதிகாரிகள் அனுமதித்தார்கள். உலக அரசியல் வாராவாரம் தீவுக்கு வந்து இறங்கியது. விஷயம் புரிந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

இதே மகராஜ்தான் 1976 டிசம்பரில் விடுதலையாகிப் போகும்போது மண்டேலாவின் தன்வரலாற்றை வெளியே கொண்டுபோனவர். அவரும் சக கைதி லாலூ சிபாவும் பொடி எழுத்தில் படியெடுத்த தாள்கள் மகராஜின் படிப்புக் கோப்புகளின் அட்டைக்குள் இருந்தன. மூலப் பிரதி கோகோ டப்பாக்களில் அடைத்துச் சிறை முற்றத்துத் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருந்தது. மறுவருஷம் அங்கே சுவர் கட்டத் தோண்டியபோது அதில் ஒரு பகுதி அகப்பட்டுக்கொண்டது. தண்டனை என்ன தெரியுமா? மண்டேலா, அவருடைய சக கைதிகள் சிசுலு, கத்ராடா மூவருக்கும் நான்கு வருஷம் படிப்பு ரத்து. அடியில்லை, பட்டினியில்லை, புத்தகத்தைப் பிடுங்கினார்கள். எது வலிக்கும் என்று நிர்வாகத்துக்கு அதற்குள் தெரிந்துபோயிருந்தது. மகராஜ் 1994இல் போக்குவரத்து அமைச்சர் ஆனார்.

அகமது கத்ராடா தீவுக்கு வந்தபோது வயது 34, கல்லூரிப் பட்டம் இல்லை. 26 வருஷச் சிறைவாசத்தில் யூனிசாவின் நான்கு பட்டங்கள். வரலாறு, குற்றவியல், நூலக அறிவியல், ஆப்பிரிக்க அரசியல் என்று எட்டும் பாடத்தையெல்லாம் படித்தார். நூலக அறிவியல் அவருக்கு எப்படிப் பயன்பட்டது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. விடுதலைக்குப் பின் எம்.பி., ஜனாதிபதி மண்டேலாவின் ஆலோசகர் என்று இருந்தவர், ராபன் தீவு அருங்காட்சியகக் குழுவின் தலைவரானார். தான் அடைபட்டிருந்த இடத்தை ஆவணக் காப்பகமாகப் பேணும் பொறுப்பு! 2013இல் ஒபாமா வந்தபோது சுற்றிக் காட்டியவரும் அவரே.

எட்டி டேனியல்ஸ் பள்ளியை முடிக்காமல் மீன்பிடிப் படகுகளில் வேலை பார்த்தவர். 15 வருஷத் தண்டனையில் பி.ஏ., பி.காம். இரண்டும் முடித்தார். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் அவர் கிடந்த ஒரு காலையில் மண்டேலா உள்ளே வந்து, அவருடைய மலவாளியை எடுத்துப் போய்க் கழுவிக் கொண்டுவந்து வைத்ததை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். டர்பன் தொழிற்சங்கக்காரர் பில்லி நாயரும் 20 வருஷத் தண்டனைக்குள் யூனிசா பட்டங்களை முடித்துக்கொண்டு வெளியே வந்து, பிறகு நாடாளுமன்றம் போனார். நெவில் அலெக்சாண்டரோ ஜெர்மனியின் டூபிங்கனில் வாங்கிய முனைவர் பட்டத்தோடு உள்ளே வந்தவர். அவரும் சும்மா இருக்கவில்லை. வரலாற்றில் இன்னொரு பட்டம்.

இவர்கள் எல்லோரும் வளர்ந்த மனிதர்கள். டிக்கங் மொசெனெகே சிறுவன். 1963இல் கைதானபோது வயது 15; பத்து வருஷத் தண்டனை. தீவிலேயே பள்ளி இறுதித் தேர்வு எழுதி, ஆங்கிலமும் அரசியலும் படித்து யூனிசா பி.ஏ., அதன் மேல் சட்டப் பட்டம். கைதிகள் மூன்று வருஷம் கெஞ்சிப் பெற்ற கால்பந்து அனுமதியில் மகானா கால்பந்துச் சங்கம் உருவாயிற்று. ஃபிஃபா விதிகளை வரிக்கு வரி பின்பற்றி, புகார் விசாரணைக் குழு, மேல்முறையீடு என்று எழுத்தில் நடந்த சங்கம். அதற்குத் தலைவராக இருந்தவர் இந்தப் பையன்.

1973இல் வெளியே வந்தார். வழக்குரைஞராகப் பதிவு செய்ய மறுத்தார்கள்; நீதிமன்றம் போய் வென்று 1978இல் பதிந்தார். 1983இல் பிரிட்டோரியா வழக்கறிஞர் சங்கத்தில் சேரப் போனபோது, வெள்ளையருக்கு மட்டும் என்ற விதியைச் சங்கம் நீக்கவேண்டி வந்தது. 1993இல் இடைக்கால அரசியலமைப்பை வரைந்தவர்களில் ஒருவர். நடுவில் சில வருஷம் கம்பெனித் தலைவராகவும் இருந்துவிட்டு, 2002இல் அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதியானார். 2005இல் துணைத் தலைமை நீதிபதி. தலைமை நீதிபதிப் பதவி 2009இலும் 2011இலும் அவரைத் தாண்டி வேறு ஆளுக்குப் போயிற்று. ஆளும் கட்சிக்கு இனிக்கும்படி பேசத் தெரியாதவர்.

அவர் அமர்ந்த நீதிமன்றம் ஜோகன்னஸ்பர்க் பழைய கோட்டைச் சிறை வளாகத்தில் இருக்கிறது. 1908இல் காந்தியோடு அவருடைய போராட்டத் தோழர் தம்பி நாயுடுவும் அடைபட்டிருந்த வளாகம். தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு, மொசெனெகே இருந்த அதே பத்து வருஷம் ராபன் தீவில் இருந்தார். விசாரணைக் கைதிகளின் கட்டடத்தை இடித்தபோது கிடைத்த செங்கற்களைப் பூச்சுப் பூசாமல் நீதிமன்றக் கூடத்துச் சுவரில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

மண்டேலாவின் பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். 1943இல் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் சேர்ந்து, இறுதி ஆண்டைத் தாண்ட முடியாமல், பட்டமில்லாமலே தகுதித் தேர்வு எழுதி 1952இல் நண்பர் ஆலிவர் டாம்போவோடு சட்ட அலுவலகம் திறந்தவர் அவர். 1989 மே மாதம் யூனிசா அவருக்குச் சட்டப் பட்டம் வழங்கியது. வயது 70. பட்டமளிப்புக்கு அவர் வரவில்லை. விக்டர் வெர்ஸ்டர் சிறையில் இருந்தார்.

மொசெனெகே 2016இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் ஒரு வழக்கு அவரைத் தேடி வந்தது. லைஃப் எசிடிமேனி என்ற பராமரிப்பு இல்லங்களிலிருந்து மனநோயாளிகளைச் செலவு மிச்சம் என்று மாகாண அரசு வேறு இடங்களுக்கு மாற்றியதில் 144 பேர் இறந்துபோனார்கள். மாற்றிய இடங்களில் உரிமம் இல்லை, சில இடங்களில் சோறு இல்லை. நடுவராக அமர்ந்து அவர் வாரக்கணக்கில் தாய்மாரையும் அக்கா தங்கைகளையும் பேசவிட்டுக் கேட்டார். 2018 மார்ச்சில் தீர்ப்பு. குடும்பத்துக்கு 12 லட்சம் ரேண்ட். அதில் 10 லட்சம், அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டதற்காக. 1,80,000, மன அதிர்ச்சிக்காக. 20,000, அடக்கச் செலவு.

(தொடரும்)