‘ஆஸ்’ இருக்க, வால்ரஸ் எதற்கு?

“அப்பா, இது என்ன, கண்ணும் பல்லுமா?”

பைத்தான் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் காட்டிய குறி := . தலையைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு கண், இரண்டு தந்தம். அதனால்தான் ‘வால்ரஸ்’ என்று செல்லப்பெயர். பட்டியலின் நீளம் பத்துக்கு மேலா என்று கேட்கும்போதே அந்த நீளத்துக்கு ஒரு பெயரும் வைத்துவிடலாம். முன்பு இதற்கு இரண்டு வரி வேண்டும்.

“புதுக் குறி எதுக்குப்பா? ‘ஆஸ்’னு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கே!”

நியாயமான கேள்வி. நம்ம ஊர் கணக்குப் புத்தகத்தில் ‘தேவையான எண் எக்ஸ் என்க’ என்று படித்தவர்களுக்கு ‘ஆஸ்’ உடனே பிடித்துப்போகும். பொருள் முதலில், பெயர் பின்னால். 2018-ல் இதுபற்றி விவாதம் நடந்தபோது ‘ஆஸ்’ஸும் பரிசீலனையில் இருந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ‘வித்’ வரியில் ‘ஆஸ்’ போட்டால், நாம் எழுதிய பொருளுக்கு அந்தப் பெயர் போகாது. அந்தப் பொருள் உள்ளே நுழையும்போது திருப்பித் தருவதற்குத்தான் போகும். கோப்பைத் திறந்தால் இரண்டும் ஒன்றுதான், வித்தியாசமே தெரியாது. ஆனால் த்ரெட்களுக்கான பூட்டை அப்படி எழுதிப் பாருங்கள்: பெயருக்குள் பூட்டு இருக்காது, ‘ட்ரூ’ என்ற மதிப்புதான் இருக்கும். புது ‘ஆஸ்’ வந்திருந்தால், அதே வரியில் ஓர் அடைப்புக்குறி போட்டதும் பெயர் பூட்டுக்கே போயிருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு இந்தப் பிழையைத் தேடுகிறவர் பாடு என்னவாகும்?

வெறும் = போடலாமே என்றால், சி மொழியில் இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்று போட்டு மாட்டிக்கொண்ட அனுபவம் பலருக்கும் உண்டு. (எனக்கும்தான்.)

வால்ரஸுக்கு எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் அதை ஏற்றுக்கொண்டார். அதே ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்தும் விலகினார். இவ்வளவு போராட இனி தெம்பில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 2019 அக்டோபரில் 3.8 பதிப்போடு வால்ரஸ் வந்தது. மொழியை இப்போது ஐந்து பேர் குழு நடத்துகிறது.

எல்லாம் கேட்டுவிட்டு மகள் வால்ரஸை அழித்தாள். பழையபடி இரண்டு வரி.

“ஏம்மா?”

“டீச்சர் ஏன்னு கேட்டா இவ்வளவும் நான்ல சொல்லணும்!”